எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

பழைய கட்டிடம் ஒன்றை மீட்டெடுக்கிறோம் என்றால் அதை எந்த வருஷத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம்? கட்டிய வருஷத்துக்கா, நன்றாக ஓடிய வருஷத்துக்கா, கடைசியாகப் பூட்டிய வருஷத்துக்கா? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னை விடாமல் இருக்கிறது. கிளப்பிவிட்டது ஒரு பெட்ரோல் பங்க். சரியாகச் சொன்னால், பங்கும் அதோடு ஒட்டிய கராஜும். இல்லினாய் மாநிலத்தில் டுவைட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ப்ளூமிங்டனில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு சிகாகோ போகும் வழி. விமான நிலையம், கோயில், இந்தியக் கடை என்று எதற்குக் கிளம்பினாலும் இன்டர்ஸ்டேட் 55-இல் சோளக்காட்டுக்கும் சோயாக்காட்டுக்கும் நடுவே போக வேண்டும். அந்தப் பெருஞ்சாலையை ஒட்டியே, ஒரு காலத்தில் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போன பழைய நெடுஞ்சாலையான ரூட் 66 துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இறங்கிப் பார்ப்பவன்.

ஒரு தடவை நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இது டூப்புங்க. பெட்ரோல் விக்காத பங்க், ரிப்பேர் பாக்காத கராஜ். நம்ம ஊர்ல கும்பாபிஷேகம் பண்ணா உள்ள சாமி இருக்கு, தினமும் பூஜை நடக்குது. இங்க என்ன இருக்கு?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

வீடு மாதிரி ஒரு பங்க்

1933-இல் ஜாக் ஷோர் என்பவர் கட்டியது. ரூட் 66 பிறந்தது 1926 நவம்பரில். ஆக, சாலைக்கு ஏழு வயது ஆகும்போது இந்த பங்க் வந்திருக்கிறது. மரப்பலகை அடித்த சுவர், வீட்டு ஜன்னல், ஜன்னலுக்குக் கதவு, அதன் கீழே பூச்செடி வைக்கப் பெட்டி. முன்பக்கம் கூரை நீண்டு வந்து பம்புகளுக்கு நிழல் கொடுக்கும். யாரோ ஒரு குடும்பம் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் காலத்து எண்ணெய் கம்பெனிகள் வேண்டுமென்றே பிடித்த பாணி இது. வீடுகள் இருக்கும் தெருவில் பெட்ரோல் பங்க் வருவதை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. நெருப்பு, நாற்றம், சத்தம் என்று எதிர்ப்பு இருந்தது. அதனால் பங்கையே வீடு போலக் கட்டிவிட்டார்கள். அது மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஊரில் இருட்டிய நேரத்தில் வண்டியை நிறுத்துகிறவனுக்கு வீடு மாதிரி ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும். வியாபாரத்துக்கு அந்த நம்பிக்கை வேண்டியிருந்தது.

பங்குக்கு இன்று இருக்கும் பெயர் கட்டியவருடையது அல்ல. 1938-இலிருந்து 1966 வரை நடத்திய பேசில் ஆம்ப்லரின் பெயர். ஊரில் அவரை 'டப்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். டெக்சாகோ பெட்ரோல் விற்றதால் ஆம்ப்லர்ஸ் டெக்சாகோ. கட்டியவரை விட்டுவிட்டு அங்கேயே இருபத்தெட்டு வருஷம் நின்று வேலை பார்த்தவரின் பெயரை ஒரு கட்டிடத்துக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனைக்கும் இதே ஊரில் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த வங்கிக் கட்டிடம் ஒன்று இருக்கிறது, 1906-இல் கட்டியது. அதைப் பார்க்கக் கட்டிடக்கலை மாணவர்கள் வருவார்கள். அப்படி ஒரு பெரிய பெயரை வைத்திருக்கும் ஊர், பங்குக்கும் செலவு செய்திருக்கிறது.

1940களின் ஆரம்பத்தில் ஆம்ப்லர் பங்கை ஒட்டி ஓர் அறை கட்டினார். வண்டி உள்ளே போக அகலக் கதவு, சுற்றிலும் வெறும் கான்கிரீட் ஹாலோ பிளாக் சுவர். பூப்பெட்டியும் கிடையாது, ஜன்னல் அலங்காரமும் கிடையாது. அதுதான் கராஜ். பெட்ரோல் மட்டும் விற்றால் காலம் தள்ள முடியாது என்ற நிலை அப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அன்றைய கார் இன்றைய கார் அல்ல. ஏறக்குறைய ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அடியில் படுத்து கிரீஸ் அடிக்க வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும். பிளக் துடைக்க வேண்டும், பாயின்ட் சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கும், டியூப் பஞ்சர் ஆகும். சிகாகோவிலிருந்து கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போகிறவன் வழியில் பல தடவை மெக்கானிக் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் யுத்தம். இதை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே டயருக்கு ரேஷன் வந்துவிட்டது. யுத்த காலத்தில் அங்கே முதன்முதலில் ரேஷனுக்குப் போன பொருள் டயர்தான். காரணம், ஜப்பான் மலாயாவுக்குள் இறங்கி அடித்தது. அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மலாயாவின் எஸ்டேட்டுகளில் விடிவதற்கு முன் எழுந்து பால் வெட்டியவர்கள் நம் மக்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் பெட்ரோல் ரேஷன் நாடு முழுவதும் வந்தபோது, அதன் முக்கிய நோக்கம் பெட்ரோலைச் சேமிப்பதைவிட டயரைச் சேமிப்பதுதான். வேகத்தையும் மணிக்கு 35 மைல் என்று கட்டிப்போட்டார்கள். புது வண்டி கிடையாது, புது டயர் கிடையாது. இருப்பதை வைத்து ஓட்டு என்றால் ஒட்டுப் போடுகிறவன்தான் ஊரில் முக்கியமான ஆள். டுவைட்டில் அந்தச் சாம்பல் நிற அறை வேலைக்கு வந்தது அப்படிப்பட்ட வருஷங்களில். தமிழ்க் குடும்பங்கள் வெட்டிய பால் வந்து சேராத காலத்தில் அங்கே டயர்களுக்குப் பேட்ச் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று யோசிக்கும்போது அந்த அறை எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

சாலை நகர்ந்தபோது

மீதிக் கதை தெரிந்ததுதான். பெரிய சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனது, வண்டிகள் அதோடு போயின. 1985-இல் ரூட் 66 அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்தே நீங்கியது. ஆனால் இந்த பங்க் உடனே சாகவில்லை. கை மாறியது, பிராண்ட் மாறியது, பெக்கர்ஸ் மாராத்தான் என்று பெயரும் மாறியது. வெளியூர் வண்டி வராவிட்டாலும் உள்ளூர் வண்டி வந்தது. 1999 வரை பெட்ரோல் விற்றார்கள். 66 வருஷம்! ரூட் 66-இல் மிக நீண்ட காலம் ஓடிய பங்குகளில் இதுவும் ஒன்று. நிலத்தடி டாங்குகளைப் புது விதிப்படி மாற்று, இல்லாவிட்டால் மூடு என்று மத்திய அரசு வைத்த கெடு 1998 டிசம்பர் 22. அந்தக் கெடுவை ஒட்டி அமெரிக்கா முழுக்க ஏராளமான சின்ன பங்குகள் மூடின. டுவைட்டில் பெட்ரோல் நின்ற பிறகும் கராஜ் வேலை கொஞ்ச காலம் ஓடியது. 2002-இல் அப்போதைய உரிமையாளர் கட்டிடத்தை ஊருக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்பே, 2001-இல், நாட்டின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் அது சேர்ந்திருந்தது. தேசியப் பூங்காத் துறைக்கு அப்போது ரூட் 66 கட்டிடங்களுக்கென்றே ஒரு திட்டம் இருந்தது. அதிலிருந்து 10,400 டாலர் மானியம் கிடைத்தது. சும்மா கொடுக்கும் மானியம் அல்ல, ஊரும் தன் பங்கைப் போட வேண்டும். 2005 முதல் 2007 வரை வேலை நடந்தது. 2007 மே மாதம் வழிப்போக்கர்களுக்கான தகவல் மையமாகத் திறந்தார்கள்.

நண்பரின் 'டூப்பு' இங்கேதான் வருகிறது. மீட்பு வேலைக்கு அமெரிக்க உள்துறை வகுத்த நெறிமுறைகள் இருக்கின்றன. நாலு வழி சொல்கிறார்கள். இருப்பதை இருந்தபடி பராமரிப்பது ஒன்று. குணம் கெடாமல் புதிய உபயோகத்துக்கு மாற்றுவது இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு காலத்துத் தோற்றத்துக்குத் திருப்புவது மூன்றாவது. போய்விட்டதை ஆதாரம் பார்த்துத் திரும்பக் கட்டுவது நாலாவது. இரண்டாவது வழியில் போனால், பின்னால் சேர்ந்தவையும் காலப்போக்கில் தமக்கென்று ஒரு மதிப்பைப் பெற்றிருந்தால் அவற்றைக் காக்க வேண்டும். மூன்றாவது வழியில் போனால், தேர்ந்தெடுத்த காலத்துக்குப் பிறகு சேர்ந்தவற்றைப் பதிவு செய்துகொண்டு எடுத்துவிடலாம். ஒரே கட்டிடம், எந்த வழியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு சுவர் நிற்கும் அல்லது போகும்.

யோசித்துப் பாருங்கள். அழகு என்று பார்த்தால் 1933-தான் அழகு. மரப்பலகை, பூப்பெட்டி, நீண்ட கூரை. போட்டோவுக்கு அதுதான் கேட்கும். அந்த வருஷத்துக்குத் திருப்பியிருந்தால் பக்கத்தில் இருக்கும் ஹாலோ பிளாக் அறைக்கு அங்கே இடமே இல்லை. அது 'பின்னால் சேர்ந்தது'. இடித்திருந்தாலும் கேட்க ஆள் இருந்திருக்காது.

மாமா பார்த்த சுவர்

இது எனக்கு உறைத்தது என் மாமனார் வந்திருந்தபோது. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். பாடி கட்டுவது, பட்டை மாற்றுவது, கிளட்ச் இறக்குவது எல்லாம் கையால் செய்தவர். கோடை விடுமுறைக்கு வந்த இடத்தில் சிகாகோ கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும் வழியில் டுவைட்டில் நிறுத்தினேன். மற்ற எல்லாரும் நேராக பம்புகளிடம் போய் நின்றார்கள். மாமா பம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. அகலக் கதவுப் பக்கம் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மரப்பலகைச் சுவர் முடிந்து பிளாக் சுவர் ஆரம்பிக்கும் இடத்தைக் கையால் தடவிக் காட்டினார்.

"மாப்ளே, இது ஒரே ஆளு ஒரே சமயத்துல கட்டினது இல்லீங்க. அந்தப் பக்கம் ஊருக்குக் காட்டக் கட்டினது. இந்தப் பக்கம் வேலைக்குக் கட்டினது."

"எப்படி மாமா சொல்றீங்க?"

"மரத்துல எவனாச்சும் பட்டறை போடுவானுங்களா? ஆயிலு, பெட்ரோலு, வெல்டிங் பொறி. ஒண்ணு பட்டாப் போச்சு. பிளாக்குன்னா தீப்பிடிக்காது, செலவும் கம்மி, சட்டுனு எந்திரிச்சுரும். பூசக்கூட மாட்டோம். நம்ம பட்டறையும் அப்படித்தானுங்களே."

அதோடு விடவில்லை. ஒரு வண்டி உள்ளே வந்து நின்றால் ரெண்டு பக்கமும் கதவைத் திறக்க இடம் இருக்குமா என்று காலடி வைத்து அளந்தார். பெஞ்சு எந்தச் சுவர் ஓரம் இருந்திருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். குளிர்காலத்தில் இங்கே கதவைச் சாத்திக்கொண்டுதானே வேலை பார்க்க வேண்டும், புகை எப்படிப் போகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பூப்பெட்டியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். எழுபது வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி ஒரு மெக்கானிக் என்ன யோசித்து அந்த அறையைக் கட்டினார் என்பதை எந்தப் பலகையும் படிக்காமல் அவர் சுவரிலிருந்தே எடுத்துவிட்டார்.

சுவர் இருந்ததால் எடுக்க முடிந்தது. டுவைட்காரர்கள் செய்த நல்ல காரியம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரே வருஷத்துக்குள் கட்டிடத்தை அடைக்கவில்லை. ஆபீஸ் அறையை 1930களுக்குத் திருப்பினார்கள், கராஜை 1940களுக்குத் திருப்பினார்கள். ஒவ்வோர் அறைக்கும் அதனதன் வயது. புத்தகப்படி பார்த்தால் அது ஒரு தேதியில் எடுத்த போட்டோ போல ஒழுங்காக இருக்காது. 1933-இல் வந்தவரும் இந்தக் காட்சியைப் பார்த்ததில்லை, 1950-இல் வந்தவரும் இதே மாதிரி பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. முதலில் வீடு மாதிரி ஒன்றைக் கட்டினார்கள், பிறகு பிழைப்புக்காகப் பக்கத்தில் ஒரு பட்டறை எழுப்பினார்கள் என்ற வரிசை அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

ஓடெல்லும் அப்படித்தான்

டுவைட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ஓடெல். ஆயிரம் பேர் மட்டில் வாழும் ஊர். அங்கே 1932-இல் பேட்ரிக் ஓ'டானல் கட்டிய ஸ்டாண்டர்ட் ஆயில் பங்க் இருக்கிறது. இதே வீட்டுப் பாணி. அவரும் பிற்பாடு இரண்டு வண்டிகள் நிற்கும் அளவுக்கு கராஜ் சேர்த்தார். அந்தச் சின்ன ஊருக்குள் அவ்வளவு பங்குகள் போட்டிக்கு நின்றன, ரிப்பேர் பார்க்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த பங்குக்குப் போய்விடுவார். ஊர்க்காரர்கள் ரோட்டைத் தாண்டவே முடியாத அளவுக்குப் போக்குவரத்து இருந்ததால் 1937-இல் சாலைக்கு அடியில் நடைபாதைச் சுரங்கம் வெட்டினார்கள். பத்து வருஷத்துக்குள் பைபாஸ் வந்து அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்று அங்கே ஒரு வண்டி வந்தால் நின்று பார்க்கலாம்.

ஓடெல் பங்க் 1960கள் வரை பெட்ரோல் விற்றது. பிறகு டிங்கரிங், பெயின்டிங் பார்க்கும் கடையானது. 1970களில் அதுவும் நின்று, சும்மா கிடந்து பாழாக ஆரம்பித்தது. 1997-இல் தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள், 1999-இல் ஊரே விலைக்கு வாங்கியது. இல்லினாய் ரூட் 66 சங்கத்துத் தன்னார்வலர்கள் வேலை பார்த்தார்கள். சம்பளம் கிடையாது. சனி ஞாயிறுகளில் வந்து சுரண்டி, பெயின்ட் அடித்து, பலகை மாற்றிய கூட்டம். 2002-இல் ரூட் 66-இன் அந்த ஆண்டுச் சிறந்த மீட்புப் பணிக்கான சைரஸ் ஏவரி விருது அதற்குக் கிடைத்தது. அங்கேயும் பட்டறை நிற்கிறது.

நண்பரின் வாதத்துக்குத் திரும்புகிறேன். உள்ளே தொழில் நடக்கவில்லை, உண்மை. பம்பில் பெட்ரோல் வராது, உண்மை. ஆனால் தொழில் எப்படி நடந்தது என்று ஒரு பட்டறைக்காரர் சுவரைத் தொட்டுச் சொல்ல முடிகிறதென்றால் அந்த இடத்தை டூப்பு என்று தள்ள என்னால் முடியாது. அந்தச் சுவரை இடித்துவிட்டு வெறும் பூப்பெட்டியை மட்டும் வைத்திருந்தால் நானே அவரோடு சேர்ந்துகொண்டிருப்பேன்.

எனக்குத் தீராமல் இருக்கும் குறை வேறு. கணக்குப் பாருங்கள். 1933-இலிருந்து ஆம்ப்லர் விலகிய 1966 வரை 33 வருஷம். 1966-இலிருந்து பெட்ரோல் நின்ற 1999 வரை இன்னொரு 33 வருஷம். கட்டிடத்தின் உழைப்பில் சரிபாதி. சாலை கைவிட்ட பிறகும் கதவைத் திறந்து வைத்திருந்தவர்களின் பாதி அது. வியாபாரம் செழித்த காலத்தில் பங்க் நடத்துவதைவிட அது கஷ்டம். 70களில் பெட்ரோல் தட்டுப்பாட்டைப் பார்த்தவர்கள், ஜப்பான் கார்கள் ஊருக்குள் வந்தபோது புது ஸ்பேனர் செட் வாங்க வேண்டியிருந்தவர்கள், கார்ப்பரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோது என்ன செய்வதென்று யோசித்தவர்கள் எல்லாரும் அந்தப் பாதிக்குள் இருக்கிறார்கள். 2002-இல் தானமாகக் கொடுக்க ஒரு கட்டிடம் மிஞ்சியிருந்தது என்றால் அவர்கள் கூரையை ஒழுகவிடாமல் வைத்திருந்ததால்தான். ஆனால் வெளியே நின்று பார்க்கிறவருக்கு டெக்சாகோ நட்சத்திரம்தான் தெரிகிறது. சிவப்பு பம்பும் நட்சத்திரமும் சுற்றுலாவுக்கு எடுக்கும், 1980களின் மாராத்தான் பங்க் யாருக்கும் ஏக்கத்தைக் கிளப்பாது. அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று எனக்குப் புரிகிறது. ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

நம்மில் சிகாகோ பக்கம் போகிறவர்கள் நிறைய. 55-இல் ஓடெல்லுக்கு 209-ஆம் எக்ஸிட், டுவைட்டுக்கு 217. ஊரிலிருந்து அப்பாவோ மாமனாரோ வந்திருந்தால், அதுவும் இரும்போடும் ஆயிலோடும் பழகியவராக இருந்தால், கட்டாயம் கூட்டிப்போங்கள். பம்போடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் அந்த பிளாக் சுவர்ப் பக்கம் அவரைக் கொஞ்சம் தனியாக விடுங்கள். டுவைட் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை பெயின்ட் அடிக்க ஆள் வரும்போது கராஜின் ஒரு சுவரை மாராத்தான் வருஷங்களுக்கு ஒதுக்கட்டும். அப்போது வேலை பார்த்தவர்களின் பில் புத்தகமோ, சட்டையில் தைத்த பெயர்ப் பட்டையோ, ஒரு போட்டோவோ இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள்.